திருட்டு மூச்சு

என் தங்கச்சி புருஷனைப் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் மைக்கு என்றுதான் தெரியும். மைக்கே தேவைப்படாத தொண்டை என்று எவனோ வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லி நர்ஸ் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான்.

அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது எரிச்சல்தான். பீற்றல் பிடித்தவன். பஸ் ஓடுவது டீசலால் இல்லை, தன் வாயால்தான் என்று முப்பது வருஷம் நம்பியவன். அதில் பத்தொன்பது வருஷம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முதுகுக்குக் காது இருந்திருந்தால் எப்போதோ செவிடாகியிருக்கும். இந்த லட்சணத்தில் அவனுக்கு என் தங்கச்சியையும் கட்டிக்கொடுத்தேன். என் புத்தி அப்படி.

தனியார் வண்டி. அவன் கண்டக்டர். வழியில் இருபத்திரண்டு நிறுத்தம். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது முன்படியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு ஆரம்பிப்பான். "ஆஸ்பத்திரி, கோர்ட்டு, மில்லு கேட்டு, பழைய பாலம், தண்ணித் தொட்டி, செங்கச் சூளை, ரெட்டை மரம்" என்று இருபத்திரண்டையும் இழுத்துப் பிடித்து ஒரே மூச்சில் சொல்லி முடிப்பான். சந்தை நாளில் கூட்டம் சேர்ந்துவிட்டால் கிறுக்கு ஏறிவிடும். திரும்பி வரும் வழியையும் சேர்த்து நாற்பத்து நாலு. டீக்கடையில் மற்ற வண்டிக் கண்டக்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பந்தயம் கட்டுவார்கள், தோற்பார்கள். இவன் அவர்கள் செலவில் டீயைக் குடித்துவிட்டு, "மூச்சுங்கறது பொறப்புலயே வரணும்டா" என்பான்.

பொறப்பாவது மண்ணாவது. அது முழுக்கத் திருட்டு.

வண்டிக்குள் என் தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் அவன் முகம் தெரியாது. கழுத்தும் தோளும் மட்டும் தெரியும். நாலு பெயருக்கு ஒருமுறை கையால் வண்டித் தகரத்தில் படீர் என்று ஒரு தட்டுத் தட்டுவான். கூட்டத்துக்கு அது தாளம் மாதிரி கேட்கும். அந்தத் தட்டு விழுகிற கண் இமைக்கும் நேரத்தில் அவன் கழுத்துக்குழி ஒரு சுண்டுச் சுண்டும். மூக்கால் ஒரு துளி காற்றை உள்ளே இழுத்துவிடுவான். தகரச் சத்தம் அதை மறைத்துவிடும். அடுத்த பெயர் ஏற்கெனவே வாயில் இருக்கும். பஸ் ஸ்டாண்டையே இப்படி ஏமாற்றினான். எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தது அவனுக்கும் தெரியும். ஒரு வண்டி ஆட்கள் என்பதால் நான் காட்டிக்கொடுக்கவில்லை. அதில் எனக்கும் ஒரு அல்பப் பெருமை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்தாறு வயதில் ஒரு நாள் படியில் ஏறும்போது சரிந்தான். அப்புறம் வாரம் ஒருமுறை சரிந்தான். தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்திருக்க முடிந்தது. முதலாளி, குடித்துவிட்டு வருகிறான் என்றார். குடிக்காதவன் குடிக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? எங்கள் ஊர் டாக்டர்கள் ஒருவர் மூட்டு என்றார், ஒருவர் சத்துக் குறைவு என்றார், ஒருவர் மனசு என்றார். மனசு என்றவர்தான் மாத்திரையை அதிகமாக எழுதினார். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் உண்டு. உலகத்தில் அவருக்குத் தெரியாதது, தனக்குத் தெரியாது என்பது ஒன்றுதான். அவர் சொன்னார், "சோம்பேறித்தனம். தினம் நாலு மைல் ஓடச் சொல்லுங்க." இவனும் ஓடப் போய், விழுந்து, பல்லை உடைத்துக்கொண்டான்.

கடைசியில் ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நிற்கும் நோய். கை கால் மட்டும் இல்லை, மூச்சு விடுவதற்கும் தசைதான் வேலை செய்கிறது, அதற்கும் ஒரு நாள் வரும், கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். மருந்து உண்டா என்றோம். குணப்படுத்த இல்லை என்று நேராகச் சொன்னார்கள். அத்தனை பேரில் நேராகப் பேசியது அவர்கள்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போனோம். ஒரு வேன். அதில் பின் ஸீட்டைக் கழற்றி மெத்தை. ஏற்ற இரண்டு பேர், இறக்க இரண்டு பேர். போய்ச் சேர்வதற்குள் அவன் பாதி ஆகிவிடுவான். அங்கே வரிசையில் ஐந்து மணி நேரம், டாக்டர் முன்னால் பத்து நிமிஷம். திரும்பி வந்து ஒரு வாரம் படுக்கை. நோயைக் காட்டப் போய் நோயைக் கூட்டிக்கொண்டு வந்தோம். மூன்றாவது தடவை அந்த டாக்டரம்மாவே, "எதுக்கு இவர இப்படி இழுத்து அடிக்கிறீங்க? வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல வாங்க. மத்தபடி நான் போன்லயே வீடியோல பாக்கறேன்" என்றார். வயசு முப்பதுகூட இருக்காது. தலைமுடியைப் பென்சிலால் சுருட்டிச் செருகியிருந்தார்.

அன்றைக்கு அந்த வராந்தாவில் ஒரு ஆள் சக்கர நாற்காலியில் இருந்தார். மூக்கையும் வாயையும் சேர்த்துப் பெரிய மூடி போட்டு, குழாய் வைத்து, மடியில் ஒரு மிஷின். மைக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேனில் ஏறியதும் சொன்னான்.

"மச்சான், எனக்கு அந்த மாதிரி வாய மூடுற மிஷின் மட்டும் மாட்டிடாதீங்க. அதுக்கு நீ வண்டிய என் மேலயே ஏத்திடு."

"ஏத்துனா முன் டயர் பஞ்சர் ஆயிடும் மாப்ள. உனக்கு எலும்புதான மிச்சம்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீடியோ வைத்தியம் என்றதும் ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். "டிவில மழை பெஞ்சா வீட்ல நனையுமாய்யா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். என் தங்கச்சியோ அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள். அவளைப் பொறுத்தவரை டாக்டர் வீட்டுக்கு வருகிறார். வருகிற நேரத்துக்கு வீடு வீடாக இருக்க வேண்டும். காலையிலேயே அவனுக்குச் சவரம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும். முகத்துக்குப் பவுடர். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை, இரண்டு பக்கமும் சுருட்டிய போர்வை, சாய்ந்துவிடாமல். பின்னால் சுவரில் ஈரம் ஊறி உரிந்திருந்தது, அதை மறைக்க ஒரு புதுப் போர்வை. போன் வைக்கிற இடத்தை அவளே பார்த்து வைத்தாள். முகமும் சட்டைக் காலரும் மட்டும் தெரியும் அளவுக்கு. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அனுப்புகிற போட்டோ மாதிரி இருந்தது.

"ஏம்மா, டாக்டர் என்ன மாப்பிள்ளை பாக்கவா வர்றாங்க?" என்றேன்.

"நீ சும்மா இருண்ணே. பாக்கறவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா? நோயாளி வீடுன்னா நாறிக்கிட்டுதான் கெடக்கணுமா?"

நோயாளி வீடு என்று தெரியக் கூடாது என்பதற்காக நோயாளியையே மறைத்துவிட்டாள். அவள் அதை வைத்தியத்துக்கு உதவி என்று நினைத்தாள். போனைப் பிடிக்கும் வேலை எனக்கு.

முதலில் ஒரு நர்ஸ் வருவாள். "சார், கேக்குதா? சார், லைட்டுக்கு எதிர உக்காராதீங்க. சார், கேக்குதா?" கேட்கிறது என்று எட்டு தடவை சொன்ன பிறகு டாக்டரம்மா வருவார். கையைத் தூக்கச் சொல்வார், விழுங்குவதில் சிரமம் உண்டா, சளி உண்டா, காலையில் தலைவலி உண்டா, பகலில் தூக்கம் வருகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று வரிசையாகக் கேட்பார். இவன் எல்லாவற்றுக்கும் "இல்ல, நல்லா இருக்கேன் டாக்டர்" என்பான். கடைசியில் ஒரு பரீட்சை. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த மூச்சு எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பார். மூச்சுத் தசைக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று அதில் தெரியுமாம். "இருபதுக்குக் கீழ வந்தா உடனே எனக்குத் தெரியணும். அப்ப ராத்திரிக்கு ஒரு மிஷின் வெச்சாகணும்" என்று முதல் தடவையே சொல்லிவிட்டார்.

சொல்லக் கூடாததை, சொல்லக் கூடாத ஆளிடம் சொன்னார்.

முதல் தடவை முப்பத்தெட்டு எண்ணினான். இரண்டாவது தடவை முப்பத்தாறு. எண்ணும்போது விரலால் நாற்காலிக் கையை டொக் டொக் என்று தட்டினான். நடுநடுவே மயிரிழை இடைவெளி. டாக்டரம்மா, "வாய்ஸ் கட் ஆகுதே?" என்றார். "நெட்வொர்க்கு டாக்டர். எங்க ஏரியா அப்படித்தான்" என்று இவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் தகரம் காப்பாற்றியது. இங்கே டவர் காப்பாற்றியது.

நான் என்ன செய்தேன்? போனைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன். படித்த டாக்டரையே ஏமாற்றிவிட்டான் பார், நம் ஆள். இந்த மாதிரிக் கேவலமான சந்தோஷம் ஒன்று உண்டு. அது அன்றைக்கு எனக்கு வந்தது. அவன் ஏமாற்றுவது தன் உயிரை என்று எனக்கு உறைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பழைய முதலாளி எப்படி வண்டியை விற்றுவிட்டு ஓடினார் என்று மைக்கு எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு உயிரான கதை. நூறு தடவை சொல்லியிருப்பான். முதலாளியின் குரலில் பேசும் இடம் வந்தது. வாயைத் திறந்தான். தூங்கிவிட்டான்.

கதை நடுவில் மைக்கு தூங்கி நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுகிறவன் அவன். தலை தொங்கியது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி விறைத்தது. நான் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"இப்பல்லாம் அப்படித்தாண்ணே. சாப்புடும்போதே தூங்கறாரு. காலைல தலவலின்னு எரிஞ்சு விழறாரு."

"ராத்திரி?"

"ராத்திரி எங்க படுக்கறாரு? படுத்தா என்னமோ பண்ணுதாம். சுவத்துல சாஞ்சே உக்காந்திருக்காரு. நாலு மாசமாச்சு."

"டாக்டரம்மா இதத்தானடி ஒண்ணொண்ணா கேட்டாங்க!"

"அவரு இல்லன்னு சொல்றப்ப நான் குறுக்க பூந்து ஆமான்னா சொல்வேன்? நாலு பேர் முன்னாடி புருஷன பொய்யன்னு சொல்லணுமா?"

நாலு பேராம். இருந்தது ஒரே ஒரு டாக்டர். அதுவும் உள்ளங்கை அகல போனுக்குள்.

ஹெட்மாஸ்டர் இதைக் கேட்டுவிட்டு, தன் மச்சினன் வீட்டில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கிடக்கிறது, கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றார். அவர் சொல்லி எதுவும் உருப்பட்டதில்லை என்ற ஒரே காரணத்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு வைக்கலாம் என்றேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாளே நர்ஸுக்குப் போன் போட்டு, தேதிக்கு முன்னாலேயே பார்க்க வேண்டும் என்றேன். செவ்வாய் பதினொரு மணி என்றாள். மைக்குவிடம் காரணம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே சவரம், அதே பவுடர், அதே போர்வை. டாக்டரம்மா அதே கேள்விகளைக் கேட்டார். இவன் அதே பொய்களைச் சொன்னான். ஒரு வித்தியாசம், நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திச் சொன்னான். பிறகு எண்ணும் பரீட்சை. டொக். டொக். விரல் ஆரம்பித்துவிட்டது. முன்னே நாலுக்கு ஒரு தட்டு. இப்போது இரண்டுக்கு ஒன்று. முப்பத்திரண்டு வரை போனான். வேர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்தது.

"முப்பத்திரெண்டு. பரவால்ல சார்" என்று டாக்டரம்மா எழுதப் போனார்.

"டாக்டரம்மா, எழுதாதீங்க" என்றேன். "இவன் திருடறான்."

"அண்ணே!" என்றாள் தங்கச்சி.

"யாரு பேசறது?" என்றார் டாக்டரம்மா. அதுவரை நான் போனுக்குப் பின்னால் இருந்த கை மட்டும்தான்.

"நான் இவன் மச்சினன். இவன் வண்டில டிரைவரு. இவன் முப்பது வருஷமா மூச்சுத் திருடற ஆளு. தட்டறான் பாருங்க, அந்தச் சத்தத்துல மூக்கால இழுத்துக்கறான். நெட்வொர்க்கும் இல்ல ஒண்ணும் இல்ல."

"பொய் டாக்டர்" என்றான் மைக்கு. "எங்க மச்சானுக்கு... என்மேல... பொறாமை."

"ஆமா, உன் அழகுல பொறாமை. எண்ணுடா."

போனைத் தங்கச்சி கையில் திணித்துவிட்டு, அவன் இரண்டு கையையும் நாற்காலியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு உதறும் தெம்பு இல்லை. ஒரு காலத்தில் ஓடும் வண்டியில் ஒரே கையால் தொங்கியவன். என் கைக்குள் அந்த மணிக்கட்டு விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருந்தது.

"விடு மச்சான்."

"எண்ணு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அமைதியாக, "எண்ணுங்க சார். எவ்ளோ வருதோ அவ்ளோ" என்றார்.

எண்ணினான். பன்னிரண்டில் நின்றுவிட்டது. பதின்மூன்றுக்கு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"கழுத்துப் பட்டன கழட்டுங்க. சட்டையும். அவர மெதுவா, தலகாணி இல்லாம, மட்டமா படுக்க வையுங்க. போன அவரு வயிறு தெரியற மாதிரி புடிங்க."

தங்கச்சி தயங்கினாள். உள்ளே போட்டிருந்த பனியனில் மூன்று ஓட்டை. அதுதான் அவள் கவலை. "கழட்டுடி" என்று கத்தினேன். படுக்க வைத்தோம். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். இவனுக்கு உள்ளே போனது. நெஞ்சு மேலே, வயிறு பள்ளம். ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படி. நாங்கள் இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்து பார்க்காததை, ஒன்பது மணி நேர தூரத்தில் இருந்தவர் அரை நிமிஷத்தில் பார்த்தார்.

"படுத்தபடியே எண்ணுங்க."

ஏழு. அவ்வளவுதான். உடனே அவனைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார்.

தங்கச்சி போனைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "பெரிய பள்ளத்தோட ஓரத்துல நடந்துட்டு இருந்திருக்கீங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் சிலிண்டரைப் பற்றிக் கேட்டேன். பதறிவிட்டார். "தயவு செஞ்சு வேண்டாம். இவருக்கு உள்ள போற காத்து போதலங்கறது மட்டும் இல்ல, கெட்ட காத்து வெளிய போகல. நீங்களா வெறும் ஆக்சிஜன் வெச்சீங்கன்னா மூச்சு இன்னும் அடங்கிடும். இவருக்கு வேண்டியது மூச்சைத் தள்ளி விடற மிஷின்." ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி நடந்தார். அவர் வாயைத் திறக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

மிஷின் நான்காம் நாள் வந்தது. ஆஸ்பத்திரியே இரவலாகக் கொடுத்தது. ஒரு ஆள் வந்து மாட்டிக் காட்டினான், டாக்டரம்மா போனில் பார்த்துக்கொண்டே அளவு சொன்னார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மூடி. மைக்கு என்னைப் பார்க்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. தங்கச்சி மூலமாகத் தகவல் வந்தது: "அந்த டிரைவர் என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லு." நான் தினம் மிதித்தேன். எழுந்து வந்து தடுக்கவா போகிறான்?

மிஷின் வந்த ஐந்தாம் நாள் காலை, டிரிப்புக்கு முன்னால், நர்ஸ் என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"சார், உங்க பேஷன்ட் எப்படி இருக்காரு?"

"இருக்கான். ஏன்?"

"இல்ல சார், மிஷின் ராத்திரி ராத்திரி ரிப்போர்ட் அனுப்பும். நாலு நாளா எட்டு மணி நேரம் ஓடியிருக்கு. ஆனா ரிப்போர்ட்டுப்படி உள்ள யாரும் மூச்சே விடல சார்!"

வண்டியை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மைக்கு சுவரில் சாய்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தலையணைக்கு மூடியை மாட்டி, வாரைப் பல்லால் இழுத்துக் கட்டி, மேலே போர்வை போர்த்திப் படுக்க வைத்திருந்தான். மிஷின் தலையணைக்கு உஸ் உஸ் என்று மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் சத்தத்தைக் கேட்டுத் தங்கச்சி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"தலகாணி நல்லா இருக்கா மாப்ள? மூச்சு முட்டலையே அதுக்கு?"

டாக்டரம்மாவை வீடியோவில் கூப்பிட்டுத் தலையணையைக் காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பிறகு என்னைப் போனை அவனுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அதுவரை எங்களில் ஒருத்தரும் கேட்காததைக் கேட்டார்.

"சார், இதுல உங்களுக்கு என்ன பிடிக்கல?"

தலையணை மேல் இருந்த மூடியைப் பார்த்தான். அப்புறம், விட்டு விட்டு, "வாய... மூடிட்டா... நான் யாரு டாக்டர்?" என்றான்.

தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதை மூன்று மாதம் முன்னால் சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனை நாடகம் எதற்கு?

"மூக்குக்கு மட்டும் மாட்டற மாதிரி ஒண்ணு இருக்கு சார். வாய் உங்களுது. அதை அனுப்பறேன். ராத்திரி அந்த மிஷின் உங்க தசைக்குப் பதிலா உழைக்கும். பகல்ல பேச உங்களுக்கு மூச்சு மிச்சம் இருக்கும்."

"எவ்ளோ... மிச்சம்?"

பேரம் பேசுகிறான் பாருங்கள், சாகக் கிடக்கிற லட்சணத்தில்.

"போட்டாதான தெரியும்" என்றார் டாக்டரம்மா.

மாட்டினான். உயிர் ஆசையால் இல்லை, பொண்டாட்டி அழுததால் இல்லை. பேச மூச்சு மிச்சம் இருக்கும் என்பதற்காக. எந்தப் பீற்றல் அவனைச் சாவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனதோ, அதே பீற்றல்தான் திருப்பிக் கூட்டி வந்தது. இரண்டு வாரத்தில் படுத்துத் தூங்கினான். தலைவலி போனது. முதலாளி கதையை முழுசாக, குரல் மாற்றி, என்னிடம் இல்லை, என் காதில் விழும்படி தங்கச்சியிடம் சொன்னான்.

மூன்று மாதம் கழித்து அடுத்த வீடியோ. தங்கச்சி பனியனோடு உட்கார வைத்திருந்தாள். உரிந்த சுவர் அப்படியே தெரிந்தது. பனியன் மட்டும் புதுசு, அதை அவளால் விட முடியவில்லை. டாக்டரம்மா எண்ணச் சொன்னார். நான் போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தேன், கை தெரிகிற மாதிரி. மைக்கு அதைப் பார்த்தான். இரண்டு கையையும் மடியில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தான். எண்ணினான். பதினாலில் நின்றான்.

"அவ்வளவுதான் டாக்டர்" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நிஜக் கணக்கு அது.

"போன தடவை பன்னெண்டு. இப்ப பதினாலு. இது ஏறணும்னு இல்ல சார், எறங்காம இருந்தா போதும். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

போன் அணையும் முன்னால் மைக்கு, மூச்சை எல்லோருக்கும் தெரியும்படி நன்றாக இழுத்துக்கொண்டு, அவரைப் பார்த்து, "போலாம் ரைட்" என்றான். பிறகு நான்கு மாதத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான்.

"என்னய்யா முழிக்கற? டிரிப்புக்கு நேரமாச்சில்ல, கெளம்பு."